கருப்பைவாய்ப் புற்றுநோய்: அறிகுறி வரும் வரை காத்திருக்கலாமா?

மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்த பெண்ணுக்கு மறுபடியும் ரத்தம் தெரிந்தால், அது ஒரே ஒரு சொட்டாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். வலி இல்லை, ஒரே நாளில் நின்றுவிட்டது, உடம்புச் சூடாக இருக்கும் என்று எந்தச் சமாதானமும் இதற்குச் சரிவராது. கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

2022ஆம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. சுமார் 80,000 பெண்கள் இறந்தார்கள். உலகம் முழுக்க இந்நோயால் இறந்தவர்கள் சுமார் 3,50,000 பேர். அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்தியப் பெண்.

இத்தனைக்கும் இதன் காரணம் என்ன என்று தெளிவாகத் தெரியும். தடுப்பூசி இருக்கிறது. புற்றாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கண்டுபிடித்து, அந்தத் திசுவை மட்டும் அழித்துவிட முடியும். புற்றுநோய்களில் இவ்வளவு சாதகமான நிலை வேறு எதற்கும் இருப்பதாகச் சொல்ல முடியாது. அப்படியும் நம் பெண்கள் ஏன் முற்றிய நிலையில்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்? அதைப் புரிந்துகொள்ள நோயின் போக்கை முதலில் பார்க்க வேண்டும்.

கருப்பையின் கீழ் முனை குறுகி, பிறப்புறுப்புப் பாதைக்குள் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கருப்பைவாய். அதன் வெளிப்பக்கத்தைத் தட்டையான செல்கள் அடுக்கடுக்காக மூடியிருக்கும். உள்துளையில் உயரமான செல்கள் ஒற்றை வரிசையில் இருக்கும். இந்த இரண்டும் சந்திக்கும் எல்லை வயதுக்கு வருவது, பிள்ளைப்பேறு, மாதவிலக்கு நிற்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் இடம் மாறும். ஒரு வகைச் செல் இன்னொரு வகையாக மாறிக்கொண்டே இருக்கும் அந்தச் சிறு வளையத்தில்தான் பெரும்பாலான கருப்பைவாய்ப் புற்றுகள் தொடங்குகின்றன. கணையம், சினைப்பை போல வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் இடமில்லை இது. ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து விரித்துப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும்.

அங்கே புற்றைத் தொடங்கி வைப்பது எச்பிவி என்ற வைரஸ். 1970களில் பலரும் ஹெர்பீஸ் வைரஸைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்டு சூர் ஹாவுசன் அதை ஏற்கவில்லை. அவருடைய குழு 1983இல் எச்பிவி 16ஐயும், அடுத்த ஆண்டு எச்பிவி 18ஐயும் கருப்பைவாய்ப் புற்றுத் திசுவிலிருந்து பிரித்துக் காட்டியது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1951இல் அமெரிக்காவில் இந்த நோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுச் செல்கள் இன்றைக்கும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படுகின்றன. அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்டவை அவை. அந்தச் செல்களிலும் எச்பிவி 18 இருப்பது தெரிய வந்தது.

எச்பிவியில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் பத்துப் பதினான்கு வகைகள்தான் ஆபத்தானவை. அவற்றுள்ளும் 16, 18 என்ற இரண்டு மட்டுமே பெரும்பான்மையான கருப்பைவாய்ப் புற்றுகளுக்குக் காரணம். உடலுறவு வழியாகத் தொற்றும். இதைச் சொன்னதும் நம் வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது, அல்லது வேறு திசையில் போய்விடுகிறது. "நான் என் வீட்டுக்காரரைத் தவிர யாரையும் ஏறிட்டுக்கூடப் பார்த்ததில்லையே, எனக்கு எப்படி டாக்டர் வரும்?" என்று அழுகிற பெண்கள் இருக்கிறார்கள். வரும். வாழ்க்கையில் ஒரே ஒருவரோடு மட்டும் உறவு வைத்த பெண்ணுக்கும் வரும். உறவு வைத்துக்கொள்ளும் ஆண், பெண் பெரும்பாலோருக்கும் ஏதோ ஒரு காலத்தில் இந்த வைரஸ் வந்துபோகிறது. ஆணுக்குப் பெரும்பாலும் எந்த அடையாளமும் தெரியாது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று தேடுவதால் ஒரு பயனும் இல்லை. கணவனை விசாரிக்கவோ மனைவியைச் சந்தேகிக்கவோ இதில் இடமே கிடையாது.

தொற்றினாலும், பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் உடம்பே வைரஸைத் துரத்திவிடும். மிச்சமுள்ள சிலருக்கு அது தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். அது முழுப் புற்றாக வளரப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. எச்ஐவி தொற்றுக்குச் சிகிச்சை எடுக்காத பெண்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே போதும். புகைபிடித்தல், மிக இளம் வயதில் திருமணம், அடுத்தடுத்துப் பல பிரசவங்கள், ஆண்டுக்கணக்கில் கருத்தடை மாத்திரை ஆகியவை ஆபத்தைக் கூட்டும்.

இந்த 15 ஆண்டுக் காலத்தைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் பெரும்பகுதி நேரம் வலி, ரத்தம், வெள்ளை என்று எதுவுமே இருக்காது. உடம்பு நன்றாகத்தான் இருக்கும். அறிகுறி என்று ஒன்று தலைகாட்டும்போது பெரும்பாலும் மேற்பரப்பை உடைத்துக்கொண்டு புற்று உள்ளே இறங்கத் தொடங்கியிருக்கும்.

என்னென்ன அறிகுறிகள், எப்படி மறைந்துபோகின்றன

முதலில் வருவது பெரும்பாலும் ரத்தக் கசிவு. புற்றுப் பிடித்த இடம் தொட்டால் சிணுங்கி ரத்தம் விடும். அதனால்தான் உடலுறவுக்குப் பிறகு ரத்தம் தெரிவது மிக முக்கியமான அறிகுறி. நம் பெண்கள் யாரிடமும் சொல்லாமல் மறைப்பதும் இதைத்தான். தாயிடம் சொல்ல முடியாது, மாமியாரிடம் சொல்லவே முடியாது, டாக்டரிடம் போனாலும் "வெள்ளைப்படுது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கணவனுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவரும் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. இந்த ஓர் அறிகுறியைப் பொறுத்தவரை வீட்டில் முதலில் பேச வேண்டியவர் கணவன்தான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது, இரண்டு மாதவிலக்குக்கு இடையில் தீட்டு படுவது, அல்லது வழக்கத்தைவிட அதிக நாள், அதிக அளவில் போவது. நாற்பத்தைந்து வயதில் இது நடந்தால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நிக்கிற வயசு அக்கா, அப்படித்தான் போகும். எனக்கும் ஒரு வருஷம் போச்சு." சொல்கிறவர் அன்போடுதான் சொல்கிறார். பல பேருக்கு அது உண்மையும்கூட. ஆனால் நிற்கிற வயதும் இந்தப் புற்று அதிகம் வருகிற வயதும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுகின்றன. இரண்டையும் வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பரிசோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

வெள்ளைப்படுதல் பெரும்பாலும் சாதாரணத் தொற்றாகத்தான் இருக்கும். அதற்காகப் பயந்துவிட வேண்டாம். தண்ணீர் போல இடைவிடாமல் போவது, துர்நாற்றம் அடிப்பது, பழுப்பாகவோ ரத்தம் கலந்தோ வருவது, மாத்திரை சாப்பிட்டும் நிற்காமல் தொடர்வது, இவைதான் கவனிக்க வேண்டியவை. சில பெண்கள் வாடைக்குப் பயந்து கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். குடும்பத்தில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

நோய் பக்கத்தில் பரவிய பிறகு வருபவை வேறு: அடிவயிற்றிலும் இடுப்பிலும் விடாத வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், சிறுநீரில் ரத்தம், மலம் கழிக்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது. புற்று சிறுநீர்க் குழாய்களை அழுத்தினால் சிறுநீரகம் வீங்கிச் செயலிழக்கும். முதுகுவலி என்று எலும்பு டாக்டரிடமும், கால் வீக்கம் என்று வேறு டாக்டரிடமும் அலைந்த பிறகு கடைசியில் புற்றுநோய்ப் பிரிவுக்கு வந்து சேருகிறவர்கள் உண்டு.

மறைப்பதில் பெண்கள் பங்கு மட்டும் இல்லை, சிகிச்சை கொடுக்கும் இடத்தின் பங்கும் இருக்கிறது. வெள்ளைப்படுகிறது என்று போகிற பெண்ணைப் படுக்க வைத்து ஸ்பெகுலம் போட்டுப் பார்க்காமலே ஐந்து நாள் மாத்திரை எழுதித் தருவது சர்வசாதாரணம். நிற்கவில்லை என்று திரும்பப் போனால் இன்னொரு மாத்திரை. அப்புறம் ஒரு ஸ்கேன். "ஸ்கேன்ல எல்லாம் நார்மல்" என்றதும் வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் வயிற்று ஸ்கேனில் கருப்பைவாயின் ஆரம்பப் புற்று தெரியாது. அந்த நார்மலுக்கு இந்த விஷயத்தில் அர்த்தமே இல்லை. ரத்தமோ, விடாத வெள்ளையோ என்று போனால், "உள்ளே கருவி வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பெண் டாக்டர் வேண்டும் என்றாலும் தயங்காமல் சொல்லலாம்.

இன்னொன்று, "தொந்தரவா இருக்கு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்ற அவசர முடிவு. கருப்பைவாயைச் சோதிக்காமல் சாதாரண அறுவையில் கர்ப்பப்பையை எடுத்து, பிறகு அதில் புற்று இருந்தது தெரிய வந்தால், சிகிச்சை சிக்கலாகிவிடுகிறது. புற்று இருந்தால் அதற்கான அறுவை முறையே வேறு. சில நேரம் அறுவையே சரியான சிகிச்சை இல்லை. எடுப்பதற்கு முன் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்தாகிவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஒரு நிமிடப் பரிசோதனை

அறிகுறி வரும் வரை காத்திருக்கக் கூடாது என்றால் என்ன செய்வது? எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே போய்ப் பார்த்துக்கொள்வதுதான் வழி. பயிற்சி பெற்ற நர்ஸ் ஸ்பெகுலத்தை மெதுவாக வைத்து, கருப்பைவாய் தெரியும்படி விளக்கைத் திருப்புவார். வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை 3 முதல் 5 சதவீத அளவில் கரைத்து, பஞ்சில் நனைத்து அங்கே தடவுவார். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மாறத் தொடங்கிய செல்கள் இருந்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைத் திட்டாக எழும்பித் தெரியும். இல்லையென்றால் இளஞ்சிவப்பாகவே இருக்கும். கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான். முடிவு அங்கேயே தெரிந்துவிடும். இதற்கு விஐஏ என்று பெயர்.

இந்த எளிய முறை உயிரைக் காப்பாற்றும் என்று உலகத்துக்கு நிரூபித்த இடங்களில் ஒன்று திண்டுக்கல் மாவட்டம். 2000இல் தொடங்கிய அந்த ஆய்வில் 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமப் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமையிலான குழுவும் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூகச் சுகாதார மையத்தினரும் சேர்ந்து நடத்தியது அது. ஒரு பகுதி ஊர்களில் நர்ஸ்கள் ஒரே ஒரு முறை விஐஏ பரிசோதனை செய்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குக் குளிரூட்டி உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். மற்ற ஊர்களில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். 2007இல் முடிவு வெளியானது: பரிசோதனை நடந்த ஊர்களில் புதிய புற்று 25 சதவீதமும், சாவு 35 சதவீதமும் குறைவு. வாழ்நாளில் ஒரே ஒரு முறை பார்த்ததற்கே இந்தப் பலன்.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு, வைரஸையே தேடும் எச்பிவி டிஎன்ஏ பரிசோதனையை ஒரு முறை செய்தால் முற்றிய புற்றும் சாவும் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்று 2009இல் காட்டியது. இப்போது உலகச் சுகாதார நிறுவனம் முதல் தேர்வாகச் சொல்வது இந்தப் பரிசோதனையைத்தான்: 30 வயதிலிருந்து, 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை. இதில் பெண் தானே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். கூச்சப்படுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கருப்பைவாய்ச் செல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் பேப் ஸ்மியர் பழைய, நம்பகமான முறை. ஆனால் மூன்றாண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டும், நல்ல ஆய்வகமும் வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசு 2007 வாக்கில் தேனியிலும் தஞ்சாவூரிலும் சோதனை முயற்சியாகத் தொடங்கி, பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் கருப்பைவாய்ப் பரிசோதனையை விரித்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இலவசம். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் அதே பிரிவில் கேட்டால் போதும். இவ்வளவும் இருந்தும், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 30–49 வயதுப் பெண்களில் 9.8 சதவீதம் பேர்தான் வாழ்நாளில் ஒரு முறையாவது கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள். அகில இந்திய அளவு 1.9 சதவீதம். அதோடு ஒப்பிட்டு நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் பத்தில் ஒன்பது பேர் பார்க்கவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் புற்று என்று அர்த்தம் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். கால்போஸ்கோப் என்ற கருவியால் பெரிதாக்கிப் பார்த்து, சந்தேகமான இடத்தில் சிறு துணுக்கு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவார்கள். புற்றுக்கு முந்தைய மாற்றம் மட்டும் என்றால் உறைய வைத்தோ, சூடுபடுத்தியோ, மின்கம்பி வளையத்தால் சீவியோ அந்தத் திசுவை நீக்குவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். பயந்துபோய் இரண்டாவது முறை வராமல் இருந்துவிடும் பெண்கள்தான் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை.

தடுப்பூசி வந்த வழி

எச்பிவி தடுப்பூசி 2006இலேயே வந்துவிட்டது. இந்தியாவில் அது தாமதமானதற்குப் பின்னால் ஒரு கசப்பான கதை இருக்கிறது. 2009இல் ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வதோதரா மாவட்டங்களில் ஒரு முன்னோட்டத் திட்டத்தில் சிறுமிகளுக்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் 7 பேர் பின்னர் இறந்தார்கள். பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, காய்ச்சல் போன்றவையே காரணம், ஊசிக்குத் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் பல இடங்களில் பெற்றோர் கையெழுத்துக்குப் பதில் விடுதிக் காப்பாளரே கையெழுத்துப் போட்டிருந்தது வெளிப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. கண்டித்தது சரிதான். ஏழைப் பழங்குடிப் பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்காமல் செய்த காரியம், ஊசி மேல் இருந்த நம்பிக்கையையும் சேர்த்தே கெடுத்துவிட்டது.

2010இல் அரசு நிறுத்தியது அந்தத் திட்டத்தை மட்டும் அல்ல. இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்க நாட்டின் பல இடங்களில் நடந்துகொண்டிருந்த ஓர் ஆய்விலும் ஊசி போடுவது பாதியில் நின்றது. அதனால் ஏறக்குறைய 5,000 சிறுமிகள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். 2021இல் வெளியான முடிவு எதிர்பாராதது: வைரஸ் 16, 18 தங்கிவிடாமல் தடுப்பதில் ஒரு டோஸும் மூன்று டோஸுக்கு இணையாக வேலை செய்திருந்தது. ஒரு டோஸ் போதும் என்று 2022இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னதற்கு இந்தத் தரவும் ஒரு முக்கிய ஆதாரம்.

இலங்கையில் 2017 முதலே பள்ளிகளில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் போடுகிறார்கள். இந்தியாவில் சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் என்ற எச்பிவி தடுப்பூசி 2023இல் வெளிவந்தது. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போடுவதாகத் தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கி அறிவித்தது. உலகளவில் பரிந்துரைக்கப்படும் வயது 9 முதல் 14. வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே போட வேண்டும் என்பதுதான் காரணம். "இந்த வயசுல இந்த ஊசியா?" என்று தயங்கும் பெற்றோருக்கு அதுவே பதில். இங்கிலாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்தப் புற்று 87 சதவீதம் குறைந்ததாக 2021இல் கணக்கிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் பெரியவர்களானதும் பரிசோதனைக்குப் போக வேண்டும்; எல்லா வகை வைரஸையும் அது தடுப்பதில்லை. ஏற்கெனவே நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பரிசோதனைதான் முக்கியம்.

புற்று என்றே உறுதியானால்

அப்போதும் கைவிட்டுவிடும் நோய் இல்லை இது. கருப்பைவாயைத் தாண்டாத ஆரம்ப நிலையில் அறுவை சிகிச்சையால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். பத்தில் எட்டு, ஒன்பது பேர் ஐந்தாண்டைக் கடந்து வாழ்கிறார்கள். பக்கத்துத் திசுக்களுக்குப் பரவியிருந்தால் கதிர்வீச்சும், வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் மருந்தும் சேர்த்துத் தருவார்கள். வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு முடியும் தறுவாயில், கருப்பைவாய்க்கு உள்ளேயே கருவி வைத்துக் கதிர் பாய்ச்சும் சிகிச்சையும் சில முறை நடக்கும். இந்த உள் கதிர்வீச்சை விட்டுவிட்டால் குணமாகும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

எல்லாம் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இடையில் நாள் தள்ளிப்போகப் போகப் பலன் குறைகிறது. ஆனால் நாலைந்து வாரத்தில் ரத்தம் நின்று, வாடை போய், உடம்பு தேறியது போல இருக்கும். அறுவடை வரும், பிள்ளைக்குப் பரீட்சை வரும், "இனிமே சரியாயிடும்" என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது நிலைமை கைமீறியிருக்கும். அதனால் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே வீட்டை யார் பார்த்துக்கொள்வது, கூட யார் இருப்பது என்று முடிவு செய்துவிட வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை உண்டு. குடும்ப அட்டையையும் ஆதாரையும் முதல் நாளே எடுத்துப் போய், தங்க இடம் கிடைக்குமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.